பங்கு வியாபாரம்: வாய்ப்பேச்சும் எழுத்தும்

நமது ஊர்களில் ஒரு பங்கு வியாபாரம் தொடங்குவதற்கு இரண்டு கோப்பை பிளேன்டீ போதும். மச்சானும் மச்சானும், அல்லது பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். ஒருவரிடம் வெளிநாட்டில் உழைத்த காசு இருக்கும், மற்றவருக்குத் தொழில் தெரிந்திருக்கும். "உனக்கும் எனக்கும் இடையில என்ன எழுத்து?" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தலையாட்ட, பாத்திஹா ஓதிக் கடை திறந்துவிடுவார்கள். பெரியநீலாவணையில் தொடங்கி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது வரை பிரதான வீதியின் இரு மருங்கிலும் இப்படித் தொடங்கிய கடைகள் பல. அவற்றில் நிலைத்தவையும் உண்டு, முறிந்தவையும் உண்டு. நான் பார்த்தவரை, முறிந்தவற்றில் பெரும்பாலானவை களவினால் முறியவில்லை. வருடக்கணக்காகக் கணக்குப் பார்க்காமல் விட்டதினால் முறிந்தன.

பங்காளியிடம் கணக்குக் கேட்பது அவரைச் சந்தேகிப்பதாகும் என்ற எண்ணம் நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. ஆனால் நமது கடற்கரையில் இந்த எண்ணம் இல்லை. கரைவலை இழுத்து முடிந்ததும் மீனை மணலிலேயே குவிக்கிறார்கள். அந்த இடத்திலேயே விலை பேசப்படுகிறது. விற்ற காசில் செலவு கழிகிறது, வலைக்கும் தோணிக்கும் உரிய பங்கு உரிமையாளருக்குப் போகிறது, மிகுதி இழுத்தவர்களுக்குப் பங்காகிறது. எல்லாம் எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால்தான். வாப்பாவும் மகனும் ஒரே வலையில் நின்றாலும் அவரவர் பங்கு அவரவருக்கு. மீன் படாத நாளில் வலைக்காரருக்கும் இல்லை, ஆளுக்கும் இல்லை. இதை யாரும் அவநம்பிக்கை என்று சொல்வதில்லை. அதே ஆட்களில் ஒருவர் நாளைக்கு ஒரு கடையில் பங்குக்குச் சேர்ந்து கொப்பியைக் கேட்டால், மற்றவருடைய முகம் கறுக்கிறது.

நமது மார்க்கமும் இந்த விடயத்தை வாய்ப்பேச்சுக்கு விட்டுவிடவில்லை. அல்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. தவணைக்குக் கொடுக்கல் வாங்கல் செய்தால் எழுதிக்கொள்வதும் சாட்சி வைப்பதும் பற்றியது. தொகை சிறிதென்றாலும் எழுதுவதற்குச் சலிக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. ஸாத் அத்தியாயத்தின் 24ஆம் வசனமோ, பங்காளிகளில் அதிகமானோர் ஒருவருக்கொருவர் அநியாயம் செய்வதைத் தெளிவாகவே சொல்லிவிட்டு, ஈமான் கொண்டு நல்லமல் செய்பவர்களுக்கு மட்டும் விலக்களிக்கிறது.

இனி நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். இதை நம்மில் அநேகர் அறிவதில்லை. இலங்கையில் இன்றும் நடைமுறையில் இருக்கும் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட முதலுடன் தொடங்கும் பங்கு வியாபாரத்துக்கான உடன்பாடு எழுத்தில் கைச்சாத்திடப்பட்டிருக்க வேண்டும். இன்று 1,000 ரூபா ஒரு மூட்டை அரிசிக்கும் காணாது. ஆகவே நமது எல்லாப் பங்கு வியாபாரங்களும் இதற்குள் அடங்கும். எழுத்து இல்லாவிட்டால், "நானும் இந்தக் கடையில் பங்காளி" என்று நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது மிகக் கடினம்.

இதைவிட முக்கியமான ஒன்று அதே சட்டத்தில் இருக்கிறது. வெளியாள் ஒருவர், உதாரணமாக கடனுக்குச் சரக்குத் தந்த கொழும்பு மொத்த வியாபாரி, நீங்கள் இருவரும் பங்காளிகள் என்பதைச் சூழ்நிலைகளை வைத்தே நிரூபித்து உங்கள் மீது வழக்காடலாம். அவருக்கு எழுத்து தேவையில்லை. பங்கு வியாபாரத்தில் கடையின் கடனுக்குப் பங்காளியின் சொந்தச் சொத்தும் பொறுப்பு. அப்படியானால் எழுத்தில்லாத பங்காளியின் நிலை என்ன? கடன் வரும்போது அவர் பங்காளி. இலாபம் கேட்கப் போகும்போது அவர் வெறும் மச்சான்.

சிலர் பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவைக் காட்டி, "இதிலே ரெண்டு பேருடைய பெயரும் இருக்கே" என்பார்கள். பெயர் இருக்கும். யார் எவ்வளவு போட்டார், இலாபம் எப்படிப் பிரியும், யார் எப்போது விலகலாம் என்பவை அதில் இருக்காது. நமது நாட்டில் பங்கு வியாபாரத்துக்கு ஆங்கிலச் சட்டமே பின்பற்றப்படுகிறது. அதன்படி வேறு உடன்பாடு இல்லாதபோது இலாபமும் நட்டமும் சமபங்கு. ஷரீஅத்தில் அப்படியல்ல. இலாபத்தை இருவரும் பொருந்திக்கொண்ட விகிதத்தில் பிரிக்கலாம், ஆனால் நட்டம் அவரவர் போட்ட முதலின் விகிதத்தில்தான் விழ வேண்டும். ஒருவர் 6 இலட்சமும் மற்றவர் 4 இலட்சமும் போட்டார்கள், 4 இலட்சம் போட்டவர் கடையிலும் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இலாபத்தை ஆளுக்குப் பாதியாக எடுக்கப் பொருந்தலாம். ஒரு வருடம் 1 இலட்சம் நட்டம் வந்தால் ஒருவருக்கு 60,000, மற்றவருக்கு 40,000. முழு முதலும் ஒருவருடையது, உழைப்பு மட்டும் மற்றவருடையது என்றால் அது முழாரபா. அதில் நட்டம் முதல் போட்டவருக்கு, உழைத்தவருக்கு அவருடைய உழைப்பு வீண். (அவர் கவனக்குறைவாலோ மோசடியாலோ நட்டப்படுத்தியிருந்தால் கதை வேறு.) ஹலாலாகப் பிரிக்க நினைப்பவர் இந்த விகிதத்தை எழுதியே ஆக வேண்டும்.

எழுத்தோடு தவணையும் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன் பர்மாவிலும் இலங்கையிலும் பெருந்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் தொழில் வட்டித் தொழில், அது நமக்கு ஆகாது. ஆனால் முறையைப் பார்ப்பதில் தப்பில்லை. கடல் கடந்த கடைக்கு அவர்கள் அனுப்பும் முகவருக்குப் பொதுவாக மூன்று வருடத் தவணை. தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு அவர் ஊர் திரும்புவார், அடுத்தவர் பொறுப்பேற்பார். சொந்தக்காரராக இருந்தாலும் இதுதான் நடைமுறை. கணக்குக் கேட்கும் நாள் முன்கூட்டியே தெரிந்திருந்ததால் கேட்பவருக்கும் கூச்சமில்லை, காட்டுபவருக்கும் கோபமில்லை.

நமக்கு அப்படியொரு நாள் ஏற்கெனவே இருக்கிறது. ஸகாத் கணக்குப் பார்க்கும் நாளைத்தான் சொல்கிறேன். கடையிலுள்ள சரக்கை எண்ணி, வர வேண்டிய கடனைச் சேர்த்து, இரண்டரை வீதம் பார்ப்பதற்கு எப்படியும் கொப்பியைத் திறக்கத்தான் வேண்டும். அன்றைக்கே பங்காளிகள் இருவரும் உட்கார்ந்து இலாபத்தையும் தீர்த்துக் கையெழுத்து வைத்தால் என்ன? புடவைக் கடைக்காரருக்கு றமழானில் மூச்சுவிட நேரமிருக்காது. அவர்கள் ஷஃபானில் வைத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு ஒரு முறை என்பதும் எனக்கு அரைமனதுதான். மாதாமாதம் ஒரு சிட்டை எழுதிப் பங்காளியிடம் கொடுப்பது நல்லது, கடையில் நிற்காத பங்காளிக்கு அது கட்டாயம்.

இவ்வளவும் இருவரும் உயிரோடு இருக்கும்போது. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலையில் நமது கரையோரத்துக்கு நடந்தது யாருக்கும் மறக்காது. அதன் பிறகு ஒரு நூல் கடையின் பங்குப் பிரச்சினையில் மத்தியஸ்தம் பேசப் போனவர்களில் நானும் ஒருவன். ஒரு பங்காளி வபாத்தாகிவிட்டார். மற்றவர் தப்பியிருந்தார், நேர்மையானவர். ஆனால் கொப்பிகள் கடலோடு போய்விட்டன. கொழும்பில் மொத்த வியாபாரிகளிடமிருந்த பில் பிரதிகளைத் தேடியெடுத்துத்தான் எவ்வளவு சரக்கு வந்தது என்று ஓரளவு கணக்கிட்டோம். நெசவாளர்களிடம் நின்ற கடன் அவருடைய ஞாபகத்தில் இருந்தது மட்டும்தான். அவர் சொன்ன தொகையை விதவையின் தம்பி நம்பவில்லை. அவருடைய சந்தேகத்தையும் குறைசொல்ல முடியவில்லை. மாதக்கணக்கில் இழுத்து, இரு வீட்டாரும் மனத்தாங்கலோடு ஒரு தொகைக்குப் பொருந்தினார்கள்.

பங்காளி மௌத்தானதும், வேறு விதமாக உடன்பட்டிருந்தாலன்றி, பங்கு வியாபாரம் கலைகிறது. அவருடைய பங்கு நமது ஷரீஅத்தின்படியும், 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படியும் வாரிசுகளுக்குரியது. 12 இலட்சம் பெறுமதியான பங்கை விட்டுப்போனவருக்கு மனைவியும், தாயும், ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகளும் இருந்தால், மனைவிக்கு எட்டிலொன்று 1,50,000, தாய்க்கு ஆறிலொன்று 2,00,000, மிகுதி 8,50,000 பிள்ளைகளுக்கு. நேற்று வரை ஒரு பங்காளி. இன்று அந்த இடத்தில் ஒரு தாய், ஒரு விதவை, வயது வராத பிள்ளைகள். இவர்களுக்கு உடனடியாக 12 இலட்சம் கொடுக்க எந்தக் கடையின் லாச்சியிலும் காசு இருக்காது. சரக்கை அடிமாட்டு விலைக்கு விற்றால் இரு குடும்பமும் கெடும்.

ஆகவே எழுத்தில் மற்ற எதை விட்டாலும் இதை விடக் கூடாது. பங்காளி ஒருவர் மௌத்தானால் அல்லது விலகினால் அவரது பங்கின் பெறுமதியை எந்தக் கணக்கை வைத்து மதிப்பது, மதிப்பிடுவது யார், எத்தனை மாதத் தவணையில் கொடுப்பது, அதுவரை கடையை யார் நடத்துவது என்ற நான்கு விடயங்களும் வேண்டும். கடைக் கட்டடமோ காணியோ பங்கில் சேர்ந்திருந்தால் வெறும் கடதாசி போதாது, நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுத வேண்டும். ஒரு சட்டத்தரணியிடமும் மார்க்கம் தெரிந்த ஓர் ஆலிமிடமும் காட்டிவிட்டுக் கைச்சாத்திடலாம். பிரதிகளைக் கடையில் மட்டும் வைக்காமல் ஆளுக்கொன்று வீட்டில், மனைவிக்குத் தெரிந்த இடத்தில் வையுங்கள். கரையோரத்தில் வீடு உள்ளவர்கள் இன்னொன்றை உள்ளூர்ப் பக்கம் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வைக்கலாம்.