நெஞ்சுச் சதை வாய்க்குள் பிழைப்பது எப்படி?

வாய்ப்புற்றுக்காகக் கன்னத்தையோ நாக்கையோ வெட்டி எடுத்த பிறகு, அந்தக் குழியை நெஞ்சிலிருந்தோ முன்கையிலிருந்தோ கொண்டுவரும் சதையால் மூடுகிறார்கள். இதற்கு மடல் என்று பெயர். ஓரிடத்துச் சதை இன்னோரிடத்தில் பிடிக்குமா என்ற சந்தேகம் எந்தக் குடும்பத்துக்கும் எழும். மெல்லிய ஒட்டுத்தோல், வைத்த இடத்தில் ஊறும் நீரை வைத்தே இரண்டொரு நாள் தாக்குப்பிடிக்கும். தடித்த மடலுக்கு அது போதாது. தமனியும் சிரையும் அதனோடு வந்தாக வேண்டும். ஆகவே எந்த மடல் புதியது என்பதைவிட, எதன் ரத்த ஓட்டத்தை இந்த நோயாளியிடம், இந்த மருத்துவமனையில் காப்பாற்ற முடியும் என்பதே தேர்வை முடிவுசெய்ய வேண்டும்.

இது பழைய பாடம்தான். 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' கவாஸ்ஜியின் கதையை வெளியிட்டது. மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படையின் மாடோட்டியான அவர், திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கை இழந்தவர். புனே பக்கத்து வைத்தியர் ஒருவர் அவருடைய நெற்றித் தோலை மூக்கின் அளவுக்கு அறுத்து, புருவங்களுக்கு நடுவே ஒரு பட்டையை மட்டும் விட்டுவைத்துத் திருப்பித் தைத்தார். பட்டையை வெட்டுவது ஏறத்தாழ 25-ஆம் நாளில்தான். கண்குழியின் உள்மூலையிலிருந்து நெற்றிக்கு ஏறும் தமனி அந்தப் பட்டைக்குள் ஓடுகிறது. மூன்று நான்கு வாரத்தில் மூக்கின் பக்கமிருந்து புது நாளங்கள் முளைத்துவிடும்; அதன்பின் பட்டை தேவையில்லை.

பெயரிடப்பட்ட ஒரு தமனி நீளவாக்கில் ஓடும் மடலும், தோலடி நுண்நாள வலையை மட்டும் நம்பும் மடலும் வேறுவேறு என்பதை 1973-இல் மெக்ரெகரும் மார்கனும் தெளிவாக்கினார்கள். முதல் வகையை நீளமாக எடுக்கலாம். இரண்டாம் வகையை நீட்டினால் நுனி கறுக்கும். 1979-இல் ஸ்டீபன் ஆரியன் விவரித்த மார்புத்தசை மடல் முதல் வகையின் வழியில் வந்தது. காறையெலும்புக்குக் கீழிருந்து வரும் தமனியை அறுக்காமல், தசையையும் மேல்தோலையும் சேர்த்துக் கழுத்து வழியாக வாய்க்குத் திருப்பலாம். நுண்ணோக்கி வேண்டாம். ஆனால் தோலைத் தசையின் எல்லை தாண்டி வெட்டினால் இதிலும் நுனி சாகும்.

இது காலாவதியான வைத்தியம் என்பார்கள். அந்த வாதத்தில் பாதி நியாயம் உண்டு. மார்புத்தசை கனமானது, கீழே இழுக்கும், நாக்கின் அசைவைக் கெடுக்கும். முன்கையின் மெல்லிய மடல் நாக்குக்கு மேலானது. தாடையின் முன்வளைவு போய்விட்டால் கால் எலும்பை அதன் நாளத்தோடு எடுத்துப் பொருத்துவதற்கு நிகரில்லை. அத்தகையவரை அதற்கான குழு உள்ள பெருநகருக்கு அனுப்பத்தான் வேண்டும். ஆனால் இவ்விரண்டையும் உடலிலிருந்து முழுதாகப் பிரித்தெடுத்தே வைக்க வேண்டும்; இரண்டு மூன்று மில்லிமீட்டர் நாளங்களைப் புது இடத்தின் நாளங்களோடு இணைத்துத் தைப்பதோடு அந்த வேலை முடிவதில்லை. முதல் இரண்டு மூன்று நாள், இரவு பகலாக, மணிக்கு மணி மடலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளுத்துக் குளிர்ந்தால் தமனி அடைப்பு. நீலம் பாய்ந்து, ஊசியால் குத்தியதும் கருரத்தம் வந்தால் சிரை அடைப்பு. பின்னதுதான் அடிக்கடி நேர்வது. சில மணி நேரத்துக்குள் மறுபடி திறக்காவிட்டால் சதை போய்விடும். இரவுப்பணியில் அதைக் கண்டுபிடிக்கும் செவிலியரும், உடனே திறக்க அறுவை அரங்கும் இல்லாத இடத்தில், கழுத்தில் ஏற்கெனவே கதிர்வீச்சு பெற்ற முதியவருக்கு மார்புத்தசை மடலை நான் இரண்டாந்தரம் என்று சொல்ல மாட்டேன். அறுவைக்கு முன் குடும்பத்தார் கேட்க வேண்டியதும் இதுதான்: ராத்திரி இரண்டு மணிக்கு மடல் நிறம் மாறினால், யார் பார்ப்பார்கள், எவ்வளவு நேரத்தில் திறப்பார்கள்?