குப்பைக்கு நடுவே தங்கம்

அமெரிக்கப் பூங்காக்களில் மெட்டல் டிடெக்டரோடு நகை தேடுவோருக்குப் பெரும் தொல்லை, குளிர்பான டின்களின் அலுமினிய வளையங்கள். 1960களில் பரவிய இவை பிய்த்து எறியப்பட்டு மண்ணில் புதைந்தன. டின்னோடு ஒட்டியே இருக்கும் வகை 1975-இல்தான் வந்தது.

கருவியின் கம்பிச்சுருள் எழுப்பும் காந்தப்புலம் உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்ட, அதன் எதிர்வினை திரையில் எண்ணாகத் தெரிகிறது. அந்த எண் உலோகம் எது என்று சொல்லாது; பொருளின் அளவு, வடிவம், மின்கடத்துதிறன் எல்லாம் அதில் கலந்திருக்கும். அதனால் மெல்லிய மோதிரம் அலுமினியத்தாள் போலவும், கனத்தது டின் வளையம் போலவும் ஒலிக்கும். குப்பையை ஒதுக்கும் வசதியை முடுக்கினால் தங்கமும் நழுவிவிடும். சிறிய சுருளை மெதுவாக நகர்த்தி, சந்தேக ஒலிகள் அனைத்தையும் தோண்டுவதே பலன் தரும் வழி.

தேசியப் பூங்காக்களில் இக்கருவிக்கே தடை உண்டு. மற்ற இடங்களில் அனுமதி பெற்றுத் தேடுங்கள். தோண்டிய குழியை மூடிவிடுங்கள்.