வருத்தம் யாருக்கு?

"பொடியனுக்கு என்னவோ வருத்தம், ஒருக்கால் பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டுதான் தாய்மார் பெரும்பாலும் உளவளத்துணையாளரிடம் வருவார்கள். பத்து வயதுப் பையன் இரவில் பாயை நனைக்கிறான், பள்ளிக்கூடம் போக மறுக்கிறான், தங்கச்சிக்கு அடிக்கிறான். பையனை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டால் காரியம் முடிந்தது என்று தோன்றும். இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் வேறு கதை வெளியே வரும். தகப்பன் பொழுதுபட்டால் கசிப்புக் குடிக்கிறார். தாய் அவரோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை மூத்த மகளிடம் சொல்லி அனுப்புகிறார். மகளுக்குப் பதினான்கு வயது. அவளைப் பற்றி யாரும் முறைப்பாடு சொல்வதில்லை, ஏனென்றால் அவள் அழுவதில்லை.

இது விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்ட குடும்பம். எனினும் 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும், 2009இல் வன்னியிலிருந்து செட்டிகுளத்து முகாம்களுக்கு வந்தவர்களும் இதில் தமக்குத் தெரிந்த யாரையாவது காணக்கூடும். இந்தக் குடும்பத்தில் வருத்தம் யாருக்கு? குடும்ப உளவளத்துணையின் பல்வேறு வழிமுறைகளும் இக்கேள்வியிலிருந்தே பிரிந்து செல்கின்றன.

உளமருத்துவர்கள் நெடுங்காலமாகத் தனி ஆளையே பார்த்துவந்தனர். அமெரிக்காவில் மறே போவன் என்னும் மருத்துவர் 1954இலிருந்து நோயாளியோடு குடும்பத்தவரையும் ஆய்வு மருத்துவமனை விடுதியிலே தங்கவைத்துப் பார்த்தார். இருவருக்கிடையே இறுக்கம் கூடும்போது அவர்கள் மூன்றாவது ஆள் ஒருவரை நடுவில் இழுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. அதனை அவர் முக்கோணம் என்றார். நமது குடும்பத்தில் தகவல் கொண்டுபோகும் அந்தப் பிள்ளைதான் மூன்றாவது ஆள். குழப்படி செய்யாத பிள்ளையையும் கவனிக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

விவசாயக் குடும்பங்களுக்கு மிகவும் கிட்ட நிற்பது சல்வடோர் மினுச்சினின் வழி என்பது எமது எண்ணம். ஆர்ஜென்டீனாவில் பிறந்த இவர், நியூயோர்க்கில் ஏழைக் குடும்பங்களோடு வேலைசெய்து, அந்த அனுபவத்தை வேறு சிலருடன் சேர்ந்து 1967இல் நூலாக எழுதினார். ஒரு குடும்பத்துக்கு ஓர் அமைப்பு உண்டு, பெற்றாருக்கு ஓர் இடமும் பிள்ளைகளுக்கு ஓர் இடமும் அவற்றுக்கிடையே எல்லையும் உண்டு என்பது அவர் கருத்து. எல்லை என்பதை நாம் வேலி என்று எடுத்துக்கொள்ளலாம். மதில்போல் இறுகினால் ஒருவர் துன்பம் மற்றவருக்குக் கேட்காது. வேலியே இல்லாவிட்டால் பெரியவர்களின் சண்டை பிள்ளையின் பாயில் வந்து படுக்கும். தறப்பாளால் மறைத்த பத்தடி இடத்தில் எந்த வேலி நிற்கும் என்று நீங்கள் கேட்பது நியாயம். முகாமில் முதலில் விழுந்ததே அந்த வேலிதான்.

பத்துப் பரப்புச் செம்மண் தோட்டம் வைத்திருந்த தகப்பனுக்கு வீட்டில் இருந்த இடம் அந்தத் தோட்டத்தால் வந்தது. விடியமுன் இறைப்பு மெஷினை இயக்குவார். மகன் வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவான். தகப்பனும் மகனும் அதிகம் பேசியது அங்கேதான், அதுவும் வெங்காயத்தைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். தோட்டம் போனபோது வருமானத்தோடு அந்தப் பேச்சும் போயிற்று. நிவாரண வரிசையில் நிற்பதற்கும், அலுவலகத்தில் படிவம் கொடுப்பதற்கும் தாய் பழகிக்கொண்டார். தகப்பனுக்குச் செய்ய எதுவும் இருக்கவில்லை.

இவ்வழியில் பயின்ற உளவளத்துணையாளர், குடியைப் பற்றி முதல் நாளே பிரசங்கம் செய்யமாட்டார். குடும்பம் வந்து எப்படி அமர்கிறது என்று பார்ப்பார். மகள் தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் இருந்தால், "பிள்ளை, நீங்கள் இந்தப் பக்கம் வந்து இருங்கோ, அம்மா அப்பாவோட நேரே கதைக்கட்டும்" என்பார். சிறிய விடயம்தான். ஆனால் அந்தக் கதிரை மாறும்போது பல மாதங்களின் பாரம் அவள் தோளிலிருந்து இறங்கத் தொடங்கலாம். பின்பு தகப்பனும் மகனும் சேர்ந்து செய்ய ஒரு வேலை ஏற்பாடாகும்: கிணற்றடியில் வழிந்தோடும் தண்ணீருக்கு நாலு கத்தரியும் ஆறு வெண்டியும் போதும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. தகப்பனின் இடத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று சொல்லித் தாயை மீண்டும் அடுப்படிக்குள் தள்ளிவிடக்கூடாது. குடும்ப உளவளத்துணை ஆண்பெண் வேற்றுமையைக் கண்டும் காணாமல் விடுகிறது என்று அமெரிக்காவில் ரேச்சல் ஹெயர்-மஸ்ரின் 1978லேயே எழுதினார். தனியே அரச அலுவலகம் போய்க் காரியம் முடிக்கக் கற்ற பெண்ணிடம் அதை விடச்சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

பாய் நனைக்கும் பையனுக்கு வருவோம். அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் மைக்கல் வைற் என்பவரும், நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்ரனும் 1980களில் வளர்த்த வழி கதைகூறல் சார்ந்தது. ஆளையும் பிரச்சினையையும் வேறாக்கிப் பார்ப்பது அதன் அடிப்படை. உடையில் மலம் கழித்த பிள்ளைகளோடு வைற் வேலைசெய்தபோது, அந்தத் தொல்லைக்கே பிள்ளையோடு சேர்ந்து ஒரு பட்டப்பெயர் வைத்தார். பிறகு குடும்பம் முழுவதும் பிள்ளையின் பக்கம் நின்று தொல்லையை எதிர்த்தது. "நீ ஏன் நனைத்தாய்?" என்ற கேள்வி போய், "அது உன்னை எந்த நாளில் ஏமாற்றியது, எந்த நாளில் நீ அதை ஏமாற்றினாய்?" என்ற கேள்வி வரும். முகாமில் பட்டப்பெயர் பிரச்சினைக்கு அல்ல, பிள்ளைக்கே வைக்கப்படுகிறது. அதை நிறுத்தினாலே பாதி வேலை முடியும்.

வேர்ஜீனியா சற்றிர் என்ற அம்மையார் குடும்பத்தவர் பேசும் விதத்தைக் கவனித்தார். ஒருவர் எப்போதும் குற்றம் சாட்டுவார், ஒருவர் எப்போதும் பணிந்துபோவார், ஒருவர் உணர்ச்சியே இல்லாமல் நியாயம் பேசுவார், ஒருவர் பேச்சை வேறெங்கோ திருப்புவார். மனதில் உள்ளதை நேரே சொல்லப் பழக்குவது அவர் வழி. நல்லதுதான், ஆனால் பக்கத்துத் தறப்பாளில் எல்லாம் கேட்கும் இடத்தில் இதை அவசரப்பட்டுச் செய்யக்கூடாது. பங்கு மண்டபத்தின் பின்விறாந்தையோ பள்ளிக்கூடத்து அறையோ முதலில் தேவை.

மில்வோக்கி நகரில் ஸ்ரீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பேர்க்கும் உருவாக்கிய குறுகிய வழியில், "இரவு நித்திரையில் ஓர் அற்புதம் நடந்து பிரச்சினை தீர்ந்துவிட்டால், காலையில் எதைக் கண்டு அதை அறிவீர்கள்?" என்ற வகையில் கேட்பார்கள். நமது தகப்பன் என்ன சொல்வார்? "என்ர காணிக்கை நிப்பன்" என்பார். காணியை உளவளத்துணையாளர் மீட்டுத்தர முடியாது. முடியும் என்று பாவனை செய்வது துரோகம். ஆனால் கேள்வி அங்கே முடிவதில்லை. "காணிக்கை நிண்டால் வீட்டில ஆர் முதல்ல உங்களில மாற்றத்தைக் காணுவினம்?" என்று அடுத்ததைக் கேட்கலாம். "மகன்" என்று பதில் வந்தால், அது காணி கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு விடயம்.

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரினால் ஏற்பட்ட மனவடுக்களைப் பற்றி 1998இலும் 2014இலும் நூல்கள் எழுதினார். தனி ஆளுக்கு அப்பால் குடும்பமும் சமூகமும் காயப்பட்டிருப்பதை அவர் வற்புறுத்தினார். அந்தக் காயங்களுள் ஒன்றுக்கு மேலே சொன்ன எந்த வழியும் முற்றாகப் பொருந்தாது. அது காணாமற்போனவரின் வீடு.

அமெரிக்கப் பேராசிரியை போலின் பொஸ் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். உடல் இல்லை, ஆனால் ஆள் மனதில் இருக்கிறார். இறந்தாரா இருக்கிறாரா என்று சொல்ல எவருமில்லை. பொட்டு வைப்பதா, திவசம் செய்வதா, அவர் பெயரில் உள்ள காணி உறுதியை என்ன செய்வது, மகளின் கலியாணத்தில் யார் முன்னிற்பது? ஒவ்வொன்றிலும் தாய் ஒரு பக்கம், மாமியார் மறு பக்கம், பிள்ளைகள் நடுவில். பொஸ் சொல்வது, முடிவு காணும்படி யாரையும் நெருக்காதீர்கள் என்பதே. ஒரே வீட்டில் ஒருவர் "வருவார்" என்றும் மற்றவர் "இனி வரார்" என்றும் நம்பிக்கொண்டு சண்டையின்றி ஒன்றாகச் சாப்பிட வழிசெய்வதுதான் உளவளத்துணையாளரின் பணி. "செத்துப்போனார் என்று எழுதிக் கொடு" என்று தாயை வற்புறுத்தும் உறவினருக்கு ஒன்று சொல்லலாம்: 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, இறந்ததாகப் பதியாமல் காணாமற்போனவராக மட்டும் காட்டும் சான்றிதழ் பெறவும் இடமுண்டு.

எல்லோரையும் ஒன்றாக இருத்திப் பேசுவது எப்போதும் நல்லதன்று. அடி நடக்கும் வீட்டில், மனைவி கணவன் முன்னால் சொன்னதற்கு இரவில் விலை கொடுக்க நேரும். அங்கே அவரைத் தனியே சந்திக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். நாட்கணக்கில் நித்திரையின்றி, உணவின்றி இருப்பவருக்கும், சாவைப் பற்றியே பேசுபவருக்கும் மருத்துவர் உடனே தேவை. அப்படியான வீட்டில் பூச்சிமருந்துப் போத்தல் கொட்டிலில் கிடக்கக்கூடாது. பெட்டியில் போட்டுப் பூட்டி, திறப்பை அயல் வீட்டில் கொடுத்துவையுங்கள்.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று கிராம அலுவலரிடம் விசாரிக்கலாம். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போவதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை. தொலைபேசியில் பேச விரும்புவோருக்குத் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. முதல் தடவை போகும்போது, குழப்படி செய்யும் பிள்ளையோடு மற்றப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.