மாமல்லபுரத்தில் இருந்தால் ‘சென்னை’ என்று காட்டுவது ஏன்? இணையதளங்கள் ‘லொக்கேஷன்’ அறியும் விதம்

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அப்படியொரு இரவில் சதுரங்கப்பட்டினத்தில் இருக்கும் ஒருவர் செல்போனில் வானிலைப் பக்கத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘உங்கள் பகுதி: சென்னை’ என்று வந்தால்? “நான் இருக்கறது எங்கே, இது சொல்றது எங்கே?” என்றுதான் கேட்பார். தவறு எங்கே நடக்கிறது?

ஐபி முகவரி: வெறும் ஊகம்

அனுமதி கேட்காமலே ஊர் பெயரைக் காட்டும் தளங்கள் பெரும்பாலும் ஐபி முகவரியைப் பார்க்கின்றன. அது இணைய நிறுவனம் தரும் எண். அந்த எண் சென்னையின் பெயரில் பதிவாகியிருந்தால், 70 கி.மீ. தள்ளியிருப்பவரும் சென்னைக்காரர்தான். விபிஎன் போட்டிருந்தால் வெளிநாடாகக்கூட மாறிவிடும்.

அனுமதி கேட்டால்?

‘உங்கள் இருப்பிடத்தை அறிய விரும்புகிறது’ என்று பிரவுசர் கேட்பது வேறு முறை. இங்கே ஜிபிஎஸ், வைஃபை, செல்போன் டவர் ஆகியவற்றைக் கொண்டு போனே இடத்தைக் கணிக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகையுடன், எத்தனை மீட்டர் வரை பிசகலாம் என்ற அளவும் தளத்துக்குக் கிடைக்கும். ‘https’ பாதுகாப்பு இல்லாத தளங்களுக்கு குரோம் 2016 முதல் இந்தத் தகவலைத் தருவதில்லை.

எவ்வளவு துல்லியம் தேவை?

கடற்கரைக் கோயில் இருக்குமிடம் ஏறத்தாழ 12.6164, 80.1993. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் மட்டும் வைத்தால் சுமார் 1 கி.மீ. அளவுக்குத் தெரியும், மழை நிலவரத்துக்கு அதுவே போதும். நான்கு இலக்கம் என்றால் சுமார் 11 மீட்டர். ஆம்புலன்ஸை வீட்டு வாசலுக்கு வரவழைக்க அது வேண்டும். மழையா வெயிலா என்று சொல்ல வாசற்படி வரை தெரிந்துகொள்ளும் தளம் தேவைக்கு மேல் கேட்கிறது.

தளம் உருவாக்குவோர் கவனிக்க

* பக்கம் திறந்ததுமே கேட்கக் கூடாது. ‘என் பகுதி நிலவரம்’ பட்டனை அழுத்திய பிறகு, காரணம் சொல்லிக் கேட்க வேண்டும். ஒருமுறை ‘பிளாக்’ செய்தவரிடம் பிரவுசர் பெரும்பாலும் மறுபடி கேட்காது.
* சிக்னல் இல்லாவிட்டால் பதில் வராமலே போகலாம். 10 விநாடி போன்ற காலவரம்பு வைத்து, அதற்குள் கிடைக்காவிட்டால் ஊர்ப் பட்டியலைக் காட்ட வேண்டும். திருப்போரூர், கல்பாக்கம், செய்யூர் என்று மக்கள் தாங்களே தேர்வு செய்யட்டும்.
* எல்லை வரைபடம் புதியதா என்று பார்க்க வேண்டும். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019-ல். அதற்கு முந்தைய வரைபடம் என்றால், ஜிபிஎஸ் சரியாக இருந்தாலும் மாமல்லபுரத்துக்காரருக்குக் காஞ்சிபுரம் மாவட்ட எச்சரிக்கைதான் போகும்.

பயன்படுத்துவோர் என்ன செய்யலாம்?

ஆண்ட்ராய்டு 12, ஐஓஎஸ் 14 முதல் ‘தோராயமான இருப்பிடம்’ மட்டும் தரும் வசதி இருக்கிறது. வானிலை, செய்திக்கு அது போதும். வழிகாட்டும் மேப், அவசர உதவிக்குத் துல்லியமாகக் கொடுக்கலாம். கொடுத்த அனுமதியை செட்டிங்ஸில் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

அடுத்த புயல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வழக்கமாகப் பார்க்கும் வானிலைப் பக்கத்தை இன்றே திறந்து பாருங்கள். அது காட்டுவது உங்கள் ஊரா, பக்கத்து ஊரா?