இழுவடக் கம்பங்களில் காற்றின் தாக்கம்

இழுவடக் கம்பம் என்பது, தானாக நிற்கும் வலுவின்றி, பல உயரங்களிலிருந்து சாய்வாகக் கட்டப்பட்ட எஃகு வடங்களால் நிலைநிறுத்தப்படும் மெலிந்த உயரமான அமைப்பு ஆகும். பெரும்பாலும் வானொலி, தொலைக்காட்சி அன்டெனாக்களைத் தாங்கவே இவை எழுப்பப்படுகின்றன. தானாக நிற்பதைக் கோபுரம் என்றும், வடங்களின் துணையால் நிற்பதைக் கம்பம் என்றும் பொறியியலாளர் வேறுபடுத்துவர். பேச்சுவழக்கில் இரண்டும் கோபுரமே.

வடங்களின் பங்கு

வடங்கள் பொதுவாக மூன்று திசைகளில் நிலத்தோடு பிணைக்கப்பட்டு, முன்கூட்டியே இழுத்து இறுக்கப்பட்டிருக்கும். காற்று வீசும்போது அது வரும் பக்கத்து வடங்கள் மேலும் விறைப்படைகின்றன. எதிர்ப்பக்க வடங்கள் தளர்ந்து தொய்கின்றன. காற்றின் விசையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

அப்படியானால் வடங்களை மிக இறுக்கமாகக் கட்டிவிடலாமே என்று தோன்றலாம். ஆனால் சாய்ந்த வடத்தின் இழுவிசையில் ஒரு பகுதி கம்பத்தைக் கீழ்நோக்கி அமுக்குகிறது. இறுக்கம் அளவு மீறினால் கம்பம் அந்த அழுத்தம் தாளாது நெளிந்து முறியக்கூடும்.

சுழிகளும் அலைவும்

கடுங்காற்றே எப்போதும் பெரிய இடர் எனக் கொள்வது தவறு. உருளை வடிவக் கம்பத்தைக் கடக்கும் காற்று, அதன் பின்புறம் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழிகளை உண்டாக்குகிறது. ஒவ்வொரு சுழியும் கம்பத்தைப் பக்கவாட்டில் சிறிது இழுக்கும். சுழிகள் தோன்றும் அதிர்வெண் கம்பத்தின் இயல்பு அதிர்வெண்களுள் ஒன்றோடு பொருந்திவிட்டால், தக்க தருணத்தில் தள்ளப்படும் ஊஞ்சல் போல அலைவு பெருகும். இதற்கு மிதமான, ஆனால் சீரான காற்றே போதுமானது. புயற்காற்றின் வேகம் ஓயாது மாறுவதால் இப்பொருத்தம் எளிதில் நீடிப்பதில்லை.

எம்லி மூர் விபத்து

இங்கிலாந்தின் யோர்க்சயரில், எம்லி மூர் என்னுமிடத்தில் நின்ற ஏறத்தாழ 385 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கம்பம் 1969 மார்ச் 19 அன்று சரிந்து விழுந்தது. அதன் பெரும்பகுதி 2.75 மீட்டர் குறுக்களவு கொண்ட எஃகு உருளையாகும். அன்று கம்பத்திலும் வடங்களிலும் பனிக்கட்டி படிந்திருந்ததால், இன்றும் பலர் பனிச்சுமையை மட்டுமே காரணமாகக் கூறுகின்றனர். விசாரணைக் குழுவோ, குறைந்த வேகத்தில் சீராக வீசும் காற்றில் எழும் அலைவைச் சுட்டிக்காட்டியது. நல்வாய்ப்பாக எவருக்கும் காயமில்லை.

இதே வகையில் அமைந்த பெல்மாண்ட், வின்டர் ஹில் கம்பங்களில் அலைவைக் கட்டுப்படுத்த, அவற்றின் உருளைகளுக்குள் ஏறத்தாழ 150 டன் எஃகுச் சங்கிலிகள் தொங்கவிடப்பட்டன. அவ்விரண்டும் விழவில்லை. எம்லி மூரில் நிரந்தர மாற்றாக மீண்டும் இழுவடக் கம்பம் நிறுவப்படவில்லை. 1971 இல் அங்கே 330 மீட்டர் உயரமுள்ள, தானாக நிற்கும் காங்கிரீட்டுக் கோபுரம் கட்டி முடிக்கப்பட்டது.