மலையேறும் காலம்

நம் இளைஞரிடையே மலையேறும் ஆர்வம் சில ஆண்டுகளாக வளர்ந்து வருவது கண்டு நாம் மகிழ்கிறோம். தன் நாட்டின் மலைகளையும், ஆறுகள் பிறக்கும் இடங்களையும் காலால் நடந்து கண்டவனுக்கு உண்டாகும் தேசபக்தி, மேடைப் பிரசங்கம் கேட்டு உண்டாகும் தேசபக்தியினும் உறுதியானது. ஆனால் அந்த ஆர்வத்தோடு அதற்கு வேண்டிய அறிவும் வளர்ந்திருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றே விடை கூற வேண்டியிருக்கிறது. எந்த மலைக்குப் போவது என்று பத்து நாள் ஆலோசிக்கிறவர்கள், எந்த மாதத்தில் போவது என்று பத்து நிமிஷங்கூட ஆலோசிப்பதில்லை. ஆபீஸில் லீவு கிடைத்த நாளே அவர்களுக்கு நல்ல நாள். பள்ளிக்கூடம் மூடிய மாதமே நல்ல மாதம். மலையோ நம்முடைய லீவுப் பட்டியலைப் பார்த்து நடப்பதில்லை. இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகையால் இன்று இதனைக் குறித்துச் சில வார்த்தைகள் எழுதுகிறோம்.

2018 மார்ச் 11ஆம் தேதியைத் தமிழ்நாடு மறந்திருக்காது. தேனி ஜில்லாவில் போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கங்களிலிருந்தும் வந்த இரு குழுவினர் கொழுக்குமலையிலிருந்து இறங்கி வருகையில் காட்டுத்தீயிற் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் படித்து, வேலை பார்த்து, நல்வாழ்வின் வாயிலில் நின்ற இளைஞரும் இளம் பெண்களும் ஆவர். இறந்தவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அது அறமுமன்று. ஆனால் அந்தத் துயரத்திலிருந்து கற்க வேண்டிய பாடத்தைக் கல்லாமல் விடுவது, இறந்தவர்களுக்கு நாம் இழைக்கும் இரண்டாவது தீங்காகும்.

மார்ச் 11 என்பது நம் மாசி மாதக் கடைசி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆளுயரம் வளர்ந்த புல், தை கழிந்தபின் காயத் தொடங்கி, மாசியிலும் பங்குனியிலும் சருகாய் நிற்கிறது. மேட்டு நிலத்தில் தீ மூண்டால் அது சமநிலத்துத் தீயைப் போலப் பரவுவதில்லை. சூடான காற்று மேலெழும்பி, மேலே உள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திவிடுகிறது. சரிவு பத்துப் பாகை கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகிறது என்பது தீத்தடுப்பு அறிந்தோர் கைக்கொள்ளும் கணக்கு. மனிதனோ சரிவு கூடக்கூட மெதுவாகவே ஏற முடியும். ஆகவே மாசி, பங்குனியில் புல் மூடிய சரிவில் தீக்கு மேலே அகப்பட்டுக்கொண்டவன், எவ்வளவு பலசாலியாயினும், தோற்கப்போகும் பந்தயத்தில் இறங்கியவனே. அதே சரிவில் தை மாதத்தில் அவன் நடந்திருந்தால் காலடியிற் பனித்துளி இருந்திருக்கும். இடம் ஒன்றே, வழி ஒன்றே. மாறியது மாதம் மட்டுமே.

நம் ஜனங்கள் மலைக்குரிய காலம் கோடை என்று எப்படி நினைக்கத் தொடங்கினார்கள்? இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். அதன்பின் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு உதகமண்டலம் கோடைக்காலப் புகலிடமாயிற்று. சமவெளியின் வெயில் தாங்காமல் சென்னை சர்க்காரே கோடையில் மூட்டை கட்டிக்கொண்டு மலையேறியது. இந்தியா முழுமைக்கும் 1864 முதல் சிம்லா அவ்வாறே கோடைத் தலைநகராயிற்று. அவர்கள் தேடியது நிழலும் குளிரும். பங்களாவின் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறவனுக்குச் சித்திரை, வைகாசி நல்ல காலந்தான். காட்டுச் சரிவில் மூட்டை சுமந்து நடக்கிறவனுக்கு அது நல்ல காலம் ஆகாது. அவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் வைத்துப்போன 'சீஸன்' என்னும் சொல் மட்டும் நம் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்நியன் தன் உடம்புக்காக வகுத்த காலத்தை நம் மலைக்குரிய காலமென்று இன்னும் எண்ணிக்கொண்டிருப்பது அறிவடிமைத்தனத்தின் சிறிய மிச்சமே என்று நாம் கருதுகிறோம்.

நம் மலைகளின் காலத்தை நிர்ணயிப்பவை இரண்டு மழைகள். ஜூன் தொடக்கத்தில் கேரளக் கரையை அடையும் தென்மேற்குப் பருவக்காற்று செப்டம்பர் வரையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேலைச் சரிவை நனைக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கீழைச் சரிவை நனைக்கிறது. மலை ஒன்றேயாயினும் அதன் இரு பக்கங்களுக்கும் கார்காலம் ஒன்றன்று. நீலகிரி ஜில்லா ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அதன் மேற்கே உள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டு மாதத்தில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அது சென்னைப் பட்டணம் ஓராண்டு முழுவதும் பெறும் மழையிற் பாதிக்கும் அதிகம். அதே ஜில்லாவின் கிழக்கே குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் 2009 நவம்பரில் பெருமழை பெய்து மலை சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 'நீலகிரிக்கு எப்போது போகலாம்?' என்று ஒருவர் கேட்டால், 'எந்த நீலகிரிக்கு?' என்று நாம் திரும்பக் கேட்க வேண்டும்.

மழைக்காலம் இரண்டையும், மாசி நடுவிலிருந்து முதற் கோடைமழை வரையுள்ள தீக்காலத்தையும் கழித்தால் எஞ்சுவது என்ன? மார்கழியின் பிற்பாதியும் தை மாதமும் எஞ்சுகின்றன. மேகம் கலைந்து வானம் தெளிந்திருக்கும், ஓடைகளில் நீர் இருக்கும், அட்டை குறைந்திருக்கும், புல் பசுமை முற்றும் இழந்திராது. அகஸ்தியகூடத்துக்குக் கேரளக் காட்டிலாகா ஜனவரியிலேயே வழி திறந்துவிடுவதும் இந்தக் காரணம்பற்றியே. இரவுக் குளிரும், பகற்பொழுதின் குறுக்கமும் இக்காலத்தின் குறைகள். கம்பளி குளிரைத் தீர்க்கும். விடியுமுன் புறப்பட்டு, உச்சி அடைந்தாலும் அடையாவிட்டாலும் பகல் பன்னிரண்டு மணிக்குத் திரும்புவது என்னும் விதி மற்றதைத் தீர்க்கும். தீக்கும் வெள்ளத்துக்கும் அப்படிப்பட்ட பரிகாரம் இல்லை.

இந்தக் கணக்கைப் பஞ்சாங்கம்போலக் கண்மூடிக் கொள்ளலாமா என்றால், கூடாது. மாதம் என்பது பொதுவிதி. அந்தந்த ஆண்டின் வானிலை சிறப்புவிதி. சட்டத்திற்போலவே இங்கும் பொதுவிதியைச் சிறப்புவிதி வெல்லும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், அதாவது மார்கழி பிறந்த உடனே, திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களில் வரலாறு காணாத மழை பெய்து தாமிரபரணி கரை புரண்டது. கார்த்திகை முடிந்தது, இனி மழையில்லை என்று அவ்வாரம் பொதிகைப் பக்கம் புறப்பட்டவன் கதி என்னவாகியிருக்கும்? மாறாக, வடகிழக்கு மழை பொய்த்த ஆண்டில் தை மாதத்திலேயே புல் சருகாகிவிடும். கோடைமழையும் தனக்குரிய ஆபத்தைக் கொண்டுவரும்: 2015 மே மாதத்தில் சதுரகிரியில் திடீரென ஓடையிற் பெருகிய வெள்ளம் பக்தர் சிலரை அடித்துச் சென்றது. ஆதலால் மாதத்தைத் தேர்ந்தபின் அவ்வாண்டு மழையை விசாரிக்க வேண்டும். நாளைத் தேர்ந்தபின் அவ்வார வானிலை அறிக்கையைப் படிக்க வேண்டும். இந்திய வானிலை இலாகா 1875இல் ஏற்பட்டது. இன்று அதன் அறிக்கை ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

இமயமலைக்குச் செல்ல விரும்புவோர் நம் மலைக் கணக்கை அங்கே கொண்டுபோகலாகாது. அங்கே தை மாதம் பனிப் புதைகுழி. மே, ஜூன் மாதங்களும், மழை நின்றபின் செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் பெரும்பாலான வழிகளுக்கு ஏற்றவை. மழை எட்டாத லடாக்கிற்கோ ஜூலையும் ஆகஸ்டுமே உகந்தவை. அங்கும் சிறப்புவிதி உண்டு. 2014 அக்டோபர் 12இல் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம், இரண்டே நாளில் நேபாளத்து அன்னபூர்ணாப் பக்கம் பெரும்பனியாய்ப் பொழிந்து நாற்பது பேருக்கு மேல் கொன்றது. அது நடையாளருக்கு மிகச் சிறந்த மாதமென்று பெயர்பெற்ற அக்டோபர்! வங்கக் கடற்கரையில் புயல் என்ற செய்தியை இமயத்தில் நிற்பவன் தனக்கு வந்த செய்தியாகவே கொள்ள வேண்டும்.

இவ்வளவு பார்த்தால் வீரம் எங்கே என்று கேட்கும் இளைஞர் இருப்பர். அவர்களுக்கு டென்சிங்கின் சரித்திரத்தை நினைவூட்டுகிறோம். 1952 மே மாதத்தில் அவர் லாம்பெர்ட் என்னும் சுவிஸ் வீரருடன் எவரெஸ்டில் 8,500 மீட்டருக்கு மேல் ஏறி, உச்சி கண்ணுக்கெட்டியும் திரும்பிவிட்டார். அதே ஆண்டு மழைக்குப்பின் மறுபடியும் சென்றார். குளிரும் கடுங்காற்றும் வழிமறிக்க, முன்னைய உயரத்தைக்கூட எட்டாமல் திரும்பினார். 1953 மே 29ஆம் தேதி ஹில்லாரியுடன் உச்சியில் நின்றார். மழைக்கு முன் உயர்வானத்துப் பெருங்காற்று வடக்கே ஒதுங்கும் சில நாட்களே அச்சிகரத்தின் வாயில் திறக்கும் நாட்கள். இருமுறை திரும்பியவரைக் கோழை என்று சொல்பவர் யார்? திரும்பத் தெரிந்ததனாலேயே அவர் மறுபடியும் ஏற உயிரோடிருந்தார்.

காலத்தோடு தன் வலியையும் அறிய வேண்டும். வெள்ளியங்கிரியில் பிப்ரவரி முதல் மே வரை ஏழு மலை ஏற ஆயிரக்கணக்கானோர் திரளுகின்றனர். 2024இல் அவ்வாறு ஏறியோர் சிலர் மூச்சுத்திணறியும் இதயம் நின்றும் வழியிலேயே மாண்டனர். பக்தி உயர்ந்ததே, ஆயினும் ஓராண்டு முழுவதும் நாற்காலியை விட்டெழாத உடம்பை ஒரே இரவில் மலையேற்றுவது பக்தியின் இலக்கணமன்று. வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அரசனுக்கென வகுத்த அவ்வரிசை மலையேறுவோனுக்கும் அப்படியே பொருந்துகிறது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயன்படா.

இனி சர்க்காரின் கடமை. குரங்கணிக்குப் பின் 2018லேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் நாற்பது வழிகளைக் காட்டிலாகாவே வழிகாட்டிகளுடன் திறந்தது. 2025இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம் என்று அவற்றை மூடவும் செய்தது. இதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் மூடுவது மட்டும் போதாது. ஏன் மூடினோம் என்று ஜனங்களுக்கு அவர்கள் பாஷையிற் சொல்ல வேண்டும். காரணம் அறியாதவன் தடையைத் தாண்டக் குறுக்குவழி தேடுவான். காரணம் அறிந்தவன் தானே நிற்பான். ஒவ்வொரு மலைக்கும் மழை மாதம், தீ மாதம், நடக்கும் மாதம் எவை என்று தெளிந்த தமிழில் ஒரு பட்டியல் அச்சிட்டு, மலையடிவாரத்துப் பஸ் நிலையந்தோறும், கல்லூரிதோறும் ஒட்ட வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு மலைக்கு அழைத்துச் செல்வோர், 'எது நேர்ந்தாலும் எமக்குப் பொறுப்பில்லை' என்று ஒரு தாளிற் கையெழுத்து வாங்கிக்கொண்டு தப்பித்துக்கொள்ள இடங்கொடுத்தலாகாது. பருவம் தவறி அழைத்துச் செல்பவனே அதற்குப் பொறுப்பாளி.

இன்னொன்று. அந்தந்த மலையின் காற்றையும் புல்லையும் பிறந்தது முதல் பார்த்து வருகிற முதுவர், பளியர், இருளர், காணிக்காரர் ஆகியோரே இவ்விஷயத்தில் பண்டிதர்கள். குரங்கணியில் தீக்கு நடுவே முதலில் ஓடி ஏறி, காயம்பட்டவர்களைத் தோளிற் சுமந்து இறக்கியவர்களும் அம்மலையடிவாரத்து மக்களே. 'இன்று வேண்டாம்' என்று அவர்களில் ஒருவர் சொன்னால், அது பட்டணத்தில் வாங்கிய அனுமதிச் சீட்டினும் மேலான உத்தரவென்று கொள்ள வேண்டும்.

நேயர்களில் மலையேற விரும்புவோர் அடுத்த தை மாதத்துக்கு இப்போதே லீவு எழுதி வைக்குமாறு வேண்டுகிறோம். தலைவர்களும் ஆசிரியர்களும் தங்கள் சங்கங்களிலும் கல்லூரிகளிலும் பங்குனிப் பிரயாணங்களைத் தையிற் கொண்டுவந்து வைக்கட்டும். லீவு கிடைக்கவில்லையா, அவ்வாண்டு போகாமலிருக்கட்டும். மலை எங்கும் போய்விடாது. மறு தையிலும் அங்கேதான் நிற்கும்.