இறந்தார் பெயரிலுள்ள பாங்குப் பணம்

திருச்செந்தூர் வட்டத்துக் கடற்கரையூர்களிலும் பனைவிளைகளை அடுத்த சிற்றூர்களிலும், குடும்பத் தலைவரை அடக்கம் செய்த சின்னாட்களில் பெட்டியினின்றும் பாங்குப் புத்தகமொன்று வெளிப்படுதல் உண்டு. உடனே இரண்டு வினாக்கள் எழுகின்றன. இப்பணத்தை வாங்குவார் யார்? வாங்கியவர்க்கே அஃது உரியதாகுமா? இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதனால் உடன்பிறந்தார் பலர் முகங்கொடாது பிரிகின்றனர்.

தமக்குப் பின் பணத்தைப் பெறுதற்கு ஒருவரைக் குறித்து வைக்கும் முறை நம் நாட்டுப் பாங்குகளில் 1985ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அங்ஙனம் குறிக்கப்பட்டாரை ‘நாமினி’ என்பர். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்கிற்கு நால்வர் வரை குறிக்கலாம். நாமினி உளராயின், கோரிக்கைப் படிவமும் இறப்புச் சான்றிதழும் அவர்தம் அடையாளச் சான்றும் போதும். பிணக்கோ நீதிமன்றத் தடையோ இல்லாவிடத்து, தொகை எத்துணைப் பெரிதாயினும் நீதிமன்றச் சான்று கேட்டலாகாது என்றும், எல்லாத் தாள்களும் வந்த 15 நாட்களுள் கணக்கைத் தீர்த்தல் வேண்டுமென்றும் 2025 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கு கட்டளையிட்டது.

நாமினி இல்லையேல் அலைச்சல் மிகும். தாசில்தார் அலுவலகத்து வாரிசுச் சான்றிதழும், பணம் வேண்டாத வாரிசுகளின் இசைவுக் கடிதமும், பின்னர் இழப்பு நேரின் ஈடுசெய்வோம் என்னும் பத்திரமும் வேண்டும். 15 இலட்சம் ரூபாய் வரை (கூட்டுறவுப் பாங்குகளில் 5 இலட்சம்) இவ்வெளிய முறையே போதும். வாரிசுகளிடையே பிணக்கு நேரின் நீதிமன்றத்தையே நாடல் வேண்டும்.

தந்தையின் கார்டையும் இரகசிய எண்ணையும் கொண்டு, அடக்கச் செலவிற்கென்று மகன் பணம் எடுப்பதும் உண்டு. நல்லெண்ணமேயாயினும் அது முறையன்று. கார்டின் அதிகாரம் தந்தையின் உயிரோடு முடிந்தது. எடுத்த தொகைக்கு அவன் ஏனை வாரிசுகளுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவனாவான்.

இனி இரண்டாவது வினா. பாங்கு நாமினிக்குப் பணத்தைப் பெறும் உரிமையேயன்றி உடைமையுரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2010இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் தீர்ப்பளித்தது. ‘பெறுநர்’ என்று தமிழிலேயே அழைத்திருப்போமாயின் பாதிப் பூசல்கள் எழுந்திரா என்பது என் எண்ணம்.

உடைமை யாருக்கு என்பதை உயில் உரைக்கும். உயிலின்றி இறந்தவர் கிறிஸ்தவராயின், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் உரைக்கும். மனைவிக்கு மூன்றிலொரு பங்கு. எஞ்சியது மக்கள் எல்லார்க்கும் சமம். ஒருவர் 9 இலட்சம் ரூபாயும், மனைவியும், ஒரு மகனும், இரு மகளிரும் விட்டு இறந்தார் எனக் கொள்வோம். தாய்க்கு 3 இலட்சம், பிள்ளைகள் ஒவ்வொருவர்க்கும் 2 இலட்சம். மகனே நாமினியாய் ஒன்பதையும் வாங்கினும் அவனுடையது இரண்டே. ‘அக்காளுக்குத்தான் நகைபோட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே’ என்னும் வழக்கமான மறுப்பு இங்கே செல்லாது. தந்தை உயிரோடிருக்கையில் பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கிற் கழித்தலாகாதென்று அச்சட்டமே கூறுகின்றது.

பலரும் அறியாதது ஒன்றுண்டு. இறந்தவருடைய தாய் உயிரோடிருப்பினும், அவருக்குப் பிள்ளைகள் இருப்பின், அம்மூதாட்டிக்கு இச்சட்டத்தில் ஒரு காசும் இல்லை. அடுத்த வீட்டு இந்துத் தாய்க்கோ, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுடைய மனைவி மக்களோடு ஒத்த பங்குண்டு. நம்மவருள் தாயைப் பேணுவோர் நாமினியின் பெயரை எழுதியதோடு அமையாது, அவளுக்கென ஒரு பங்கை உயிலிலும் எழுதிவைத்தல் வேண்டும்.